தகரத்துக்குப் பின்னால ஒரு கொரோலா

கிட்டங்கிப் பக்கம் ரோட்டுக் குழியில் டயர் இறங்கும்போதெல்லாம் காரின் முன்பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். முதல் மாசம் வாப்பா ரேடியோவைக் கூட்டி வைத்தார். அடுத்த மாசம் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடினார். ஒருநாள் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போன உம்மம்மா ஒருவர் பின் சீட்டில் இருந்து, "தம்பி, கார் உடைஞ்சி உழுந்திருமா?" என்று கேட்ட பிறகுதான் அந்தச் சத்தம் எங்கட வீட்டுக் கதையானது.

2003ஆம் ஆண்டுக் கொரோலா. எங்கட பக்கம் அதை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, '121' என்றால் எல்லாருக்கும் விளங்கும். வாப்பா அதை வைத்து ஹயர் ஓடுகிறார். சவளக்கடையிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வீடுகளுக்கு, வெளிநாடு போற ஆக்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவுக்கு. மூன்று வருஷத்துக்கு முதல் நெல்மூட்டையோட விழுந்ததில் அவருக்கு வலது தோள் போனது. ஸ்டியரிங் பிடிப்பார். ஆனால் கையைத் தோளுக்கு மேல தூக்க ஏலாது, பலம் போட்டு எதையும் இழுக்கவும் ஏலாது. காக்கா டோஹாவில. உம்மாவுக்கு மாசத்தில் ரெண்டு தரம் கிளினிக். எங்கட வீட்டுச் சாப்பாடும் மருந்தும் அந்த முன் டயர் ரெண்டுக்கும் மேலதான் ஓடுது.

வேற கார் எடுக்கிற கதையே இல்லை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 நெருக்கடி வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு இறக்குமதி திரும்பத் திறந்தபோது வரியும் சேர்ந்தே வந்தது. இடையில் போன வருஷங்களில் நாட்டிலிருந்த கார் எல்லாத்துக்கும் வயசு கூடியது, விலை மட்டும் குறையவில்லை. வேற நாட்டில் இரும்புக்கடைக்குப் போயிருக்கக்கூடிய வண்டிகளில் இங்க மாப்பிள்ளை போறார்.

கராஜ் ஒன்றில் காட்டினோம். முன் ஷொக் ரெண்டிலும் ஒயில் கசியுது, ஸ்டெபிலைசர் லிங்க் ரெண்டும் ஆடுது. சாமான் விலை எப்படியோ தாங்கலாம் போல இருந்தது. கூலியைச் சொன்னபோது வாப்பா தன் தோளைத் தடவினார்.

"எல்லாம் துருப்பிடிச்சி இறுகி இரிக்கி. காஸ் பிடிச்சி வெட்டித்தான் எடுக்கணும். வெட்டக்குள்ள வேற சாமான் ஏதும் போனா நாங்க பொறுப்பில்ல" என்றார் அங்க இருந்தவர்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னேன். "வாப்பா, நான் கழட்டுறன்."

அவர் ஒன்றும் கதைக்கவில்லை. நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிச்சவள். 2013இல் தொடங்கின பிரிவு அது. விசையையும் தூரத்தையும் பெருக்கித் திருப்பம் காணுகிற கணக்கு எத்தனையோ செய்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரு நட்டைக் கழட்டினதில்லை. என் எடை 52 கிலோ.

அடுத்தநாள் காலையில் எழும்பிப் பார்த்தால், வளவில் ரோட்டுப் பக்கமாக வாப்பா தகரம் நாலு கட்டியிருந்தார். "வெயிலுக்கு" என்றார். வெயில் வருவது மற்றப் பக்கத்தால. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

---

இந்தக் கட்டுரையை ரெண்டு விதமான ஆக்களுக்காக எழுதுறேன். ஒன்று, வீட்டில் பழைய வாகனம் நிற்கிற, கராஜுக்குக் கொடுக்கக் காசில்லாத ஆக்கள். மற்றது, 'உனக்கு அதுக்கெல்லாம் பலம் காணாது' என்று யாராவது சொல்லிக் கேட்ட ஆக்கள். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பதில்தான் என்னிடம் இருக்கு: இறுகின போல்ட்டைக் கழட்டுவது பலத்தைப் பொறுத்ததில்லை, எந்தக் கருவியை எந்த ஒழுங்கில் எடுக்கிறீங்க என்பதைப் பொறுத்தது. அந்த ஒழுங்கை நான் பிழையாகத் தொடங்கினேன். அதுதான் கதை.

முதலில், ஏன் இறுகுது? இரும்பு துருவாக மாறும்போது அது இருந்ததை விடக் கூட இடம் பிடிக்கும். போல்ட்டின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையில் இருப்பது மயிரளவு இடைவெளி. அதுக்குள்ள துரு ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும். தண்ணியும் காற்றும் இருந்தாலே துருப்பிடிக்கும், உப்புச் சேர்ந்தால் அது வேகமாக ஓடும். எங்களிடம் வருவதற்கு முதல் இந்தக் கார் கல்முனைக் கரையில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் நின்ற கார். எங்களிடம் வந்த பிறகு ஒவ்வொரு மாரியிலும் கிட்டங்கியில் ரோட்டுக்கு மேல ஓடுற தண்ணிக்குள்ளால போய் வந்த கார். உப்பு அவங்க தந்தது, சேறு நாங்க குடுத்தது.

காக்காட பழைய சாமான் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ரிங் ஸ்பேனர், ஓபன் ஸ்பேனர், சைஸ் மாற்றுகிற ஸ்பேனர், ஒரு சுத்தியல். முதல் நாள் அதுதான் என்னிடம் இருந்த எல்லாம். வாப்பா கதிரையைப் போட்டு இருந்துகொண்டு சொல்லச் சொல்ல, ஜக் அடித்து வண்டியைத் தூக்கி, அடியில் சீமெந்துக் கல் ரெண்டை அடுக்கி வைத்தேன். டயரைக் கழட்டினேன். டயர் நட் வண்டி நிலத்தில் நிற்கும்போதே தளர்த்த வேண்டியது. தூக்கின பிறகு தளர்த்தப்போனால் டயர்தான் சுற்றும். அது எனக்குத் தெரியாது. திரும்ப இறக்கி, தளர்த்தி, திரும்பத் தூக்கினேன். அதிலேயே ஒரு மணித்தியாலம் போனது.

ஷொக்கின் அடிப்பக்கத்தை டயர் பூட்டுகிற நக்கிளோடு பிடிக்கிற பெரிய போல்ட் ரெண்டு. மேல ஒன்று, கீழ ஒன்று. ரிங் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. ஸ்பேனர் மேல பைப் ஒன்றைச் செருகி இழுத்தேன். 'சரக்' என்று ஏதோ அசைந்தது. சந்தோஷப்பட்டுப் பார்த்தால் கிறுகினது நட் இல்லை, நட்டின் மூலை. ஆறு மூலையும் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு போயிருந்தது.

ரிங் ஸ்பேனருக்குள்ள பார்த்திருப்பீங்க, பெரும்பாலும் பன்னிரண்டு மூலை இருக்கும். எந்தப் பக்கத்தாலும் இலகுவாகப் போடலாம், அதுதான் அதுட வசதி. ஆனால் அது நட்டின் மூலைகளுக்குக் கிட்டத்தான் பிடிக்கும். துருப்பிடித்துத் தேய்ந்த நட்டில் அந்த மூலைதான் முதலில் போகும். ஆறு மூலைச் சொக்கட் நட்டின் தட்டையான பக்கத்தில், மூலையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும். அதே பலத்துக்கு அது வழுக்காது. பார்த்தால் சின்ன வித்தியாசம், எனக்கு ஒரு நட் போன வித்தியாசம்.

கோபத்தில் கீழ் நட்டுக்கு இன்னும் நீளமான பைப்பைப் போட்டுக் காலை ஊன்றி இழுத்தேன். அப்போதுதான் வண்டி ஆடினது.

சத்தம் பெரிசாக இல்லை. சீமெந்துக் கல் ஒன்று பிஸ்கட் மாதிரி ரெண்டாகப் போனது. ஜக் சாய்ந்தது. நான் வண்டிக்குக் கீழ இல்லை, ஆனால் என் வலது கால் முழங்கால் வரைக்கும் கீழதான் இருந்தது. வண்டி ஒரு சாண் இறங்கி நின்றுவிட்டது. ஏனென்றால், கழட்டின டயரை வாப்பா நான் காணாத நேரம் வண்டியின் ஓரத்துக்குக் கீழ படுக்க வைத்துத் தள்ளிவிட்டிருந்தார். வண்டி அந்த டயரில் உட்கார்ந்தது. என் காலுக்கும் வண்டிக்கும் இடையில் நாலு விரல் இடம்.

"வெளிய வா! வெளிய வா மகள்!" என்று அவர் கத்தின சத்தத்தில் உம்மா அடுப்படியில் இருந்து ஓடி வந்தா. அன்றைக்கு யாரும் அதுக்குப் பிறகு கதைக்கவில்லை. உம்மா என் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தா. இரவு படுக்கும்போது வாப்பா சொன்னார், "இது எண்ட பிழை. கல்லு வைக்க விட்டிருக்கப்படாது."

அடுத்தநாள் அவர் தனியாகக் கல்முனைக்குப் போனார். வரும்போது இரும்பு ஸ்டாண்ட் ரெண்டு கொண்டு வந்தார். அந்த மாசம் லைட் பில்லுக்கு வைத்திருந்த காசு அது. சாமான் பெட்டியில் எனக்கென்று முதலில் வந்த கருவி, ஒரு போல்ட்டையும் கழட்டாத கருவி.

நான் சொல்ல வந்த ஒழுங்கின் முதல் படி இதுதான். இறுகின போல்ட்டில் வேலை செய்வது என்றால், வண்டியைப் பக்கவாட்டில் பலமாக இழுக்கப் போறீங்க என்று அர்த்தம். ஜக் நேராகத் தூக்கத்தான் செய்த சாமான். பக்கத்து இழுவையை அது தாங்காது. சீமெந்துக் கல் பாரத்தைப் பரவலாகத் தாங்கும், ஒரு புள்ளியில் அழுத்தினால் சொல்லாமல் உடையும். கழட்டுற கருவிக்கு முதல் தாங்குற கருவி. பின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை. கழட்டின டயர் எப்போதும் வண்டிக்குக் கீழ. ஸ்டாண்ட் வாங்கக் காசில்லை என்றால் அந்த வேலைக்கே காசில்லை என்று நினைச்சுக்கொள்ளுங்க.

---

ரெண்டாவது படி, பொறுமை. அதுக்கும் கருவி இருக்கு.

கம்பித் தூரிகை ஒன்று. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற புரியில்தான் சேறும் துருவும் கூட. நட் கழன்று வரும்போது அந்த வழியாலதான் வரவேண்டும். அதை முதலில் சுத்தமாக்காமல் இழுத்தால், உள்ளே விட்ட நட் வெளியே வந்து இறுகும். இந்த வேலைக்குப் பலம் தேவையில்லை, பத்து நிமிஷம் தேவை.

பிறகு எண்ணெய். எங்கட பக்கம் எந்த ஸ்ப்ரேயைக் கண்டாலும் டபிள்யூடி என்றுதான் சொல்வது. டபிள்யூடி-40 என்பது 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்தில் தண்ணி படாமல் விலக்கி வைக்கச் செய்த கலவை. நாற்பதாவது தரம் செய்து பார்த்ததில் சரிவந்ததால் அந்த இலக்கம். துருவுக்குள் ஊறுவதற்கென்றே வேற ஸ்ப்ரே வகைகள் இருக்கு, கிடைத்தால் அது இன்னும் நல்லம். எங்களுக்குக் கிடைத்ததை வைத்து, சுபஹுக்கு ஒருதரம், அஸருக்கு ஒருதரம், இரவு படுக்க முதல் ஒருதரம் என்று மூன்று நாள் அடித்தேன். ஒவ்வொரு தரமும் அடித்த பிறகு சுத்தியலால் நட்டின் பக்கத்தில் மெல்லத் தட்டினேன். அதிர்வுக்குத் துரு வெடிக்கும், வெடித்த இடத்தால எண்ணெய் இறங்கும். உம்மா ஜன்னலால பார்த்துவிட்டு, "மருந்து மாதிரி நேரத்துக்கு நேரம் குடுக்கிறாள்" என்றா.

கியர் ஒயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தால் நல்லா ஊறும் என்று சொல்றவங்க இருக்காங்க. அசிட்டோன் என்றவுடன் ராத்தாட நெய்ல் பொலிஷ் ரிமூவர் போத்தலை எடுத்து வாசித்துப் பார்த்தேன். அதில் தண்ணியும் வாசனையும் சேர்ந்திருந்தது, இதுக்கு உதவாது. சுத்தமான அசிட்டோன் கிடைத்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது, அது பெட்ரோல் மாதிரிப் பற்றும். அதை ஊற்றின இடத்துக்கு நெருப்பைக் கொண்டு போகவே கூடாது.

மூன்றாவது படி, பொருந்துற கருவி. ஆறு மூலைச் சொக்கட் ஒன்று மட்டும் வாங்கினேன், அந்த போல்ட்டின் சைஸில். ஐம்பது துண்டு, நூறு துண்டு என்று பெட்டியோடு விற்கிற மலிவு செட்டை எடுக்காமல், தேவையான ரெண்டு சைஸை நல்லதாக எடுப்பது லாபம். பூட்ட முதல் நட்டின் தலையையும் தூரிகையால சுத்தம் பண்ணி, சொக்கட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரைக்கும் ஏற்ற வேண்டும். பாதி ஏறின சொக்கட்தான் மூலையை உருட்டும்.

நாலாவது படியாகத்தான் நீளம் வரணும். நான் முதல் நாள் முதலில் எடுத்தது இதை.

ஊரில் துலாக் கிணறு கண்டவங்களுக்குக் கணக்குத் தேவையில்லை. கணக்கு வேணும் என்றால் இந்தாங்க. என்னால் ஒரு கையால் சமாளித்து இழுக்கக்கூடியது கிட்டத்தட்ட 30 கிலோ பாரம், அதாவது 300 நியூட்டன். 25 சென்ரிமீற்றர் ரிங் ஸ்பேனரில் அது 75 நியூட்டன் மீற்றர். ஷொக்கின் அடி போல்ட் மாதிரியான இடங்களில் கொம்பனியில் பூட்டும்போதே 100, 150 நியூட்டன் மீற்றருக்குப் பூட்டியிருப்பார்கள், துரு தன் பங்குக்கு இன்னும் சேர்த்திருக்கும். அப்போ 75 எந்த மூலைக்கு? அதே கையால் 60 சென்ரிமீற்றர் பிரேக்கர் பாரைப் பிடித்தால் 180. ஒரு மீற்றர் பைப் போட்டால் 300. வாப்பாட நல்ல காலத்துப் பலத்தை நான் ஒரு முழப் பைப்பில் எட்டிவிடுறேன்.

ஆனால் நீளம் மூளையில்லாத பலம். அது நட்டைத் தளர்த்தும், இல்லாவிட்டால் போல்ட்டை முறிக்கும், இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளும். எது என்று அதுக்குத் தெரியாது. அதனால்தான் தாங்குறது, ஊறுறது, பொருந்துறது எல்லாம் முடிந்த பிறகு நீளம். ராட்செட்டில் பைப் போடக்கூடாது, அதுக்குள்ள இருக்கிற பல் உடையும். பிரேக்கர் பாருக்குள்ள பல் ஒன்றும் இல்லை, அதைத்தான் இழுக்கணும். தள்ளாமல் உங்கட பக்கமாக இழுங்க. வழுக்கினால் கை இரும்பில் அடிபடாது.

நாலாவது நாள் மேல் போல்ட். சொக்கட்டை ஏற்றி, பாரைப் போட்டு, முதலில் இறுக்குற பக்கமாக ஒரு சின்ன அசைவு கொடுத்தேன். பிறகு கழட்டுற பக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு நின்றது. இல்லை, நட் கிறுகுது! கால் சுற்று கழட்டி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, திரும்பக் கழட்டி, அப்படியே வெளியே எடுத்தேன். அந்த நட்டை உள்ளங்கையில் வைத்து வாப்பாக்கிட்ட காட்டினேன். அவர் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புரி நல்லாத்தான் இரிக்கி" என்று மட்டும் சொன்னார்.

---

லிங்க் நட் வேற மாதிரிப் பிரச்சினை. ஸ்டெபிலைசர் லிங்கின் நுனி ஒரு உருண்டை மூட்டு. நட்டைச் சுற்றினால் உள்ளே இருக்கிற உருண்டையும் சேர்ந்து கிறுகும், நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கலாம். அதுக்குத்தான் தண்டின் நுனியில் ஆறு மூலைக் குழி ஒன்று இருக்கும். அலன் சாவியால் அதைப் பிடித்துக்கொண்டு நட்டை ஸ்பேனரால் கழட்டணும். எங்கட காரில் அந்தக் குழி துருவில் வட்டமாகியே போயிருந்தது.

இங்கதான் நான் ஒன்றைப் படித்தேன். எதைக் காப்பாற்றணும், எதை விடலாம் என்று முதலில் தீர்மானிக்கணும். லிங்க் புதுசு வாங்கி வைத்திருக்கிறோம், பழசு குப்பைக்குத்தான் போகுது. பிறகு ஏன் அதோட மல்லுக்கட்டணும்? இரும்பறுக்கிற வாளால் நாற்பது நிமிஷம் இருந்து அறுத்தேன். கிரைண்டர் இருந்தால் ரெண்டு நிமிஷம். ஆனால் கிரைண்டர் நெருப்புப்பொறி பறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிரேக் ஹோஸ் இருக்கு, எண்ணெய் அடித்த ரப்பர் இருக்கு, என் கண் இருக்கு. கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீங்க. என்னிடம் கண்ணாடியும் இல்லை, கிரைண்டரும் இல்லை, அதனால் தீர்மானம் இலகு.

காஸ் நெருப்பைப் பற்றியும் இதேதான். சூடு பொய்யில்லை. நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரியும், போல்ட்டை விட்டுக் கொஞ்சம் விலகும், பிடி தளரும். ஆனால் ஷொக்குக்குள் எண்ணெய் இருக்கு, பெரும்பாலும் அழுத்தத்தில் காஸும் இருக்கு. அதுக்குப் பக்கத்தில் நெருப்புப் பிடிப்பது பழக்கமான கைக்கே பயம் தரவேண்டிய விஷயம். போல்ட்டைச் சிவக்கச் சூடாக்கினால் அதுட உறுதியும் போகும். பிறகு அதைத் திரும்பப் பூட்டக்கூடாது. வளவில் தகரத்துக்குப் பின்னால் செய்கிற வேலையில் நெருப்புக்கு நான் இடம் வைக்கவில்லை.

கடைசியாக கீழ் போல்ட், நான் மூலை உருட்டி வைத்த நட். அதை இறுகப் பிடிக்கிற சொக்கட் என்னிடம் இல்லை. அன்னமலையிலிருந்து எங்கட பக்கம் டிரக்டர் திருத்த வாற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வாப்பா அவரைக் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

அண்ணன் வந்து தகரத்தைச் சுற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், கிரீஸ் பூசின கையைப் பார்த்தார், பிறகு வண்டியைத் தாங்கின ஸ்டாண்டைப் பார்த்தார். "ஸ்டாண்ட் போட்டுத்தான் செய்யிறீங்க. எங்கட பொடியன்மார் இது கேக்க மாட்டாங்க தங்கச்சி" என்றார். அவர் வேற ஒன்றும் கேட்கவில்லை.

அவரிடம் உருண்ட நட்டைக் கடிச்சுப் பிடிக்கிற, உள்ளே சுருள் பல் வைத்த சொக்கட் இருந்தது. பெட்டரி இம்பேக்ட் ஒன்றும் இருந்தது. இம்பேக்ட் ஒரே இழுவையாக இழுப்பதில்லை, வேகமாக அடி அடியென்று அடிக்கும். அந்த அதிர்வுக்குத் துரு உடையும், வண்டியும் பெரிசாக ஆடாது. ஆனால் அதில் சாதாரணப் பளபளப்புச் சொக்கட் போடக்கூடாது, அது வெடித்துத் தெறிக்கலாம். கறுப்பு நிறத்தில் தடிச்ச சுவரோட இருக்கிற இம்பேக்ட் சொக்கட்தான் போடணும்.

நட் வந்துவிட்டது. போல்ட் வரவில்லை! நக்கிள் ஓட்டைக்குள் அதுட உடம்பே துருவில் ஒட்டியிருந்தது. நான் சுத்தியலைத் தூக்கினேன். அண்ணன் கையைப் பிடித்தார். "பொறுங்க. வேற நல்ல நட் ஒண்டை நுனியில பூட்டிட்டு அடிங்க. இல்லாட்டிப் புரி சப்பளிஞ்சு அந்த ஓட்டைக்குள்ளாலயே வராது." நட்டை நுனியோடு மட்டமாகப் பூட்டி, எண்ணெய் விட்டு, போல்ட்டின் தலையைப் பாரால் அங்கிட்டும் இங்கிட்டும் அசைத்து, அடித்து, அசைத்து... லுஹர் பாங்கு சொல்லும்போது வந்தது. சில வண்டிகளில் இந்த போல்ட்டின் உடம்பில் பல் வெட்டியிருக்குமாம், அங்க தலையைச் சுற்றவே கூடாது, நட்டை மட்டும்தான் சுற்றணும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். கூலி வாங்கவில்லை. வாப்பா அன்னமலைக்கு ஒருதரம் ஹயர் ஓடிக் கழித்தார்.

---

ஷொக்கை வெளியே எடுத்த பிறகு ஒரு வேலையை நான் செய்யவில்லை. பழைய ஷொக்கில் இருக்கிற ஸ்பிரிங்கைப் புதுசுக்கு மாற்ற வேண்டும். அந்த ஸ்பிரிங் அழுத்தப்பட்டே பூட்டியிருக்கு. ஷொக்கின் தலையில் நடுவில் இருக்கிற நட்டை ஸ்பிரிங்கைக் கட்டாமல் கழட்டினால், அது ஆளைக் கொல்லும் வேகத்தில் விரியும். ஸ்பிரிங் அழுத்துற கருவி மலிவாகவும் கிடைக்கும். அதைத்தான் நான் வாங்கவில்லை. ஷொக்கை முழுசாகச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் கல்முனைக்குக் கொண்டுபோய், சுவரில் பூட்டின பெரிய கருவி இருக்கிற இடத்தில் சின்னக் கூலிக்கு மாற்றிக்கொண்டு வந்தோம். எந்தக் கருவியை வாங்கக்கூடாது என்பதும் தெரிவில் ஒன்றுதான்.

திரும்பப் பூட்டும்போது உருண்ட நட்டை எறிந்துவிட்டு, அதே உறுதி இலக்கம் உள்ள புது நட்டும் போல்ட்டும் போட்டோம். போல்ட் தலையில் 8.8, 10.9 என்று வெட்டியிருக்கிற இலக்கத்தைப் பாருங்க. கூட இருக்கிற இடத்தில் குறைந்ததைப் போடாதீங்க. போல்ட்டின் உடம்பில், ஓட்டைக்குள் இருக்கிற பகுதியில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் பூசினேன். அளந்து பூட்ட டோர்க் ரென்ச் ஒன்றை அண்ணனிடம் இரவல் வாங்கினோம். அடி போல்ட் ரெண்டும் கழன்றால் டயரின் சாய்வு மாறும் என்பதால், பிறகு வீல் எலைன்மென்ட்டும் பார்த்தோம்.

இடது பக்கத்துக்கு எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. வலது பக்கத்துக்கு ரெண்டு நாள்.

மாரி தொடங்க முதல் கார் ரோட்டில் இறங்கியது. கிட்டங்கிக் குழியில் இப்போ டயர் இறங்கினால் 'பொத்' என்று ஒரு மெத்தென்ற சத்தம், அவ்வளவுதான். அதே உம்மம்மாவை எங்கட வீட்டு வாசலில் ஏற்றும்போது நான் உள்ளே நின்றேன். "கார் சுகமாயிட்டா தம்பி? எங்க குடுத்த?" என்று அவ கேட்டா. வாப்பா சொன்னார், "கல்முனையில குடுத்துச் செஞ்ச."

கேட்டுக்கொண்டுதான் நின்றேன். கை ரேகைக்குள் அப்போதும் கிரீஸ் போகாமல் இருந்தது. அன்றைக்கு இரவு நான் சாப்பாட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன். வாப்பாக்கு ஏன் என்று விளங்கியிருக்கும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கட ஊரில் ஒரு பொம்புளப் புள்ள காருக்குக் கீழ படுத்தாள் என்ற கதை எங்க போய் எப்படித் திரும்பி வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததால் வலிக்காமல் விடுவதில்லை.

போன கிழமை வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த வாப்பாட காருக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஆல்டோ வந்து நின்றது. மூன்றாம் வளவு மாமாட கார். மாமா இறங்கித் தகரத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். வாப்பா உள்ளே வந்து சேர்ட்டைக் கழட்டிக் கொழுவிக்கொண்டே, யாருக்கோ சொல்ற மாதிரிச் சொன்னார்.

"அதுட லிங்க் நட் சும்மா சுத்திக்கிட்டே இரிக்காம், கழண்டு வருதில்லையாம். ஒருக்கா பாரு மகள்."

நான் போய் முதலில் ஸ்டாண்ட் ரெண்டையும் எடுத்தேன்.